ஒரு வீணான பலகை, மூன்று தடயங்கள்: பிளஞ்ச் ரவுட்டரின் முதல் வேலை

தென்காசிப் பக்கம், மரவாடிகளும் அறுவை மில்களும் நெருங்கிக் கிடக்கும் சாலையை ஒட்டி ஒரு சிறிய தச்சுப் பட்டறை இருக்கிறது. தாய்மாமனும் மருமகனும் சேர்ந்து நடத்துகிறார்கள். மாமன் உளி, கொட்டாப்புளி, இழைப்புளி என்று பழகிய தலைமுறை. மருமகன் பிளைவுட்டும் லேமினேட்டும் ஒட்டி வளர்ந்தவர். ஓரம் வெட்டும் ட்ரிம்மரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார். இருவருக்கும் சேர்ந்து ஒரு வேலை வந்தது: ஒரு வீட்டுக்குப் பிளைவுட்டில் புத்தக அலமாரி, அதனுடன் தேக்கில் ஒரு படிப்பு மேசை. அலமாரியின் தட்டுகள் ஆணியில் தொங்கக் கூடாது, பக்கப் பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து அதற்குள் அமர வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார். அதற்காகவே ஒரு பிளஞ்ச் ரவுட்டர் வாங்கப்பட்டது. முதல் நாளே ஒரு பக்கப் பலகை வீணானது.

இந்த ஆய்வு அந்தப் பலகையைப் பற்றியது. வீணான பலகையைப் பலரும் உடனே துண்டு போட்டு மறைத்துவிடுவார்கள். இவர்கள் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நல்ல வேளை. என்ன நடந்தது என்று நான் கேட்டபோது இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மாமன் சொன்னது, "மாப்பிள்ளைக்குக் கை நடுங்கிவிட்டது." மருமகன் சொன்னது, "மெஷின் சரியில்லை மாமா, மாற்றிக் கேட்க வேண்டும்." பலகை சொன்னது மூன்றாவது கதை.

முதலில் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். ட்ரிம்மருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. ட்ரிம்மரில் பிட், அதாவது சுழன்று வெட்டும் முனை, அடித்தட்டுக்கு வெளியே நீட்டியபடியே நிற்கும். ஓரத்திலிருந்துதான் மரத்துக்குள் நுழைய முடியும், அல்லது சாய்த்து இறக்க வேண்டும். பிளஞ்ச் ரவுட்டரில் மோட்டார் இரண்டு தூண்களின் மேல் ஸ்பிரிங்கோடு நிற்கிறது. அடித்தட்டு மரத்தில் சமமாக அமர்ந்திருக்கும்போதே, சுழலும் பிட்டைப் பலகையின் நட்டநடுவில் நேராக இறக்கலாம், வேலை முடிந்ததும் அதே இடத்தில் நேராக ஏற்றலாம். 1949 வாக்கில் ஜெர்மனியின் எலு நிறுவனம் கொண்டுவந்த ஏற்பாடு இது. காடி, துளை, குழிவு என்று மரத்தின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடியும் எல்லா வேலைகளுக்கும் இதுவே வழி. இவர்கள் வாங்கியது 1300 வாட் வகை. வீட்டு இணைப்பில் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் ஒயர்தான் முதலில் சூடேறும்.

இனி பலகை. 18 மி.மீ. பிளைவுட். அதில் 6 மி.மீ. ஆழத்தில், 12 மி.மீ. பிட்டால், குறுக்காக ஒரு காடி. ஆறு அடி உயரப் பலகையில் ஓர் அடிக்குக் குறைவான அகலத்தைக் கடக்கும் சின்ன வேலைதான். ஆனால் மருமகன் இரண்டு பக்கப் பலகைகளையும் அருகருகே வைத்து ஒரே ஓட்டத்தில் இரண்டிலும் காடி எடுத்திருக்கிறார். யோசனை நல்ல யோசனை. தட்டுகள் இருபுறமும் ஒரே மட்டத்தில் அமர அதைவிடச் சிறந்த வழி கிடையாது. கெட்டது வேறு இடத்தில்.

முதல் தடயம்: காடி தொடக்கத்தில் நேராக இருந்து, பாதி வழியில் இடப்பக்கமாக வளைந்து, இரண்டாவது பலகையில் ஒரு நூலுக்கும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கும், மேல் விலகி நிற்கிறது. இரண்டாவது: ஆழம் தொடக்கத்தில் 6 மி.மீ., முடிவில் 9. மூன்றாவது: காடி முடியும் இடத்தில் ஒரு கரும்புள்ளி, பிட்டின் வட்ட அளவுக்கே, எரிந்த வாசனையோடு.

வளைவில் தொடங்கலாம். ரவுட்டர் பழகுகிறவர்களில் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான், அதற்குக் காரணம் கை நடுக்கம் இல்லை.

மருமகன் ஓர் அலுமினியச் சட்டத்தை நேர்கோட்டுக்காகப் பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறார். ரவுட்டரின் அடித்தட்டு அந்தச் சட்டத்தை உரசிக்கொண்டே போக வேண்டும். சட்டத்தை அவர் வைத்தது தனக்கு வலப்பக்கம். ரவுட்டரைத் தன்னிலிருந்து முன்னோக்கித் தள்ளினார். இந்த இரண்டும் சேர்ந்தால் காடி வளைந்தே தீரும்.

மேலிருந்து பார்த்தால் கையில் பிடிக்கும் ரவுட்டரின் பிட் கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. முன்னோக்கித் தள்ளும்போது புது மரத்தைக் கடிப்பது பிட்டின் முன்புற விளிம்பு. அந்த விளிம்பு இடமிருந்து வலமாக ஓடி மரத்தை வலப்பக்கம் தள்ளுகிறது. மரம் கிளாம்பில் இறுகியிருப்பதால் அசையாது. ஆகவே இயந்திரம் இடப்பக்கம் ஒதுங்குகிறது. வலப்பக்கம் சட்டம் இருந்தால், அடித்தட்டு சட்டத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். கை அதை எதிர்த்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும்போது அழுத்தம் கிடைக்கும், கை நீள நீளக் குறையும். பலகையில் வளைவு தொடங்கிய இடம் சரியாகக் கை நீண்ட இடம்தான்.

சட்டத்தை இடப்பக்கம் வைத்துவிட்டால் அதே விசை அடித்தட்டைச் சட்டத்தோடு ஒட்டவைக்கிறது. வெட்டும் விசையே காவலாளி ஆகிவிடுகிறது. கை தள்ளினால் போதும், ஒட்ட வைக்க வேண்டியதில்லை. ரவுட்டரோடு வரும் பக்கக் கைடுக்கு இது அப்படியே தலைகீழ். அது இயந்திரத்தோடு சேர்ந்து நகர்கிறது, பலகையின் ஓரத்தை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறது. இயந்திரம் இடப்பக்கம் ஒதுங்கும்போது கைடு ஓரத்தோடு இறுக வேண்டுமானால், கைடு வலப்பக்கம் இருக்க வேண்டும். கிளாம்ப் போட்ட சட்டம் இடம், கூடவே வரும் கைடு வலம். பலகையின் வெளி ஓரத்தை வெட்டும்போது மரம் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி நகர வேண்டும், அதாவது பலகையைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிராக. சன்னல் சட்டம் போன்றவற்றின் உள் ஓரம் என்றால் முள்ளின் திசையிலேயே.

இதைப் பட்டறையில் பேசிப் புரியவைக்க முடியாது, செய்து காட்ட வேண்டும். கழிவுப் பலகையில் அரை நூல் ஆழத்துக்குப் பிட்டை இறக்கி, சட்டமே இல்லாமல், லேசாகப் பிடித்து முன்னே தள்ளச் சொன்னோம். கோடு இடப்பக்கம் சாய்ந்தது. எதிர்த் திசையில் நின்று தள்ளச் சொன்னோம். மறுபடியும் தள்ளுகிறவருக்கு இடப்பக்கம். மாமன் அதற்குப் பிறகு கை நடுக்கம் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது தடயம், ஆழம் கூடிப்போனது, முதலாவதைவிட ஆபத்தானது. ஆழத்தைத் தடுக்கும் கம்பி நழுவியிருக்கலாம், அல்லது பிட் தன் பிடியிலிருந்து கீழே இறங்கியிருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது எளிது. அந்த நேரத்தில் இயந்திரத்தில் இருந்த பிட்டை யாரும் கழற்றவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய நிறுத்தம் வரை மோட்டாரை இறக்கிப் பூட்டி, அடித்தட்டுக்குக் கீழே பிட் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்தோம். 9 மி.மீ. கம்பி தன் குறியில் அப்படியே இருந்தது. ஆகவே நழுவியது பிட். கழற்றிப் பார்த்தபோது பிட்டின் தண்டில் வட்டவட்டமாகக் கீறல்கள்.

தண்டு 6 மி.மீ. அதை இறுக்கிப் பிடிக்கும் வளையமான காலெட் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கடைகளில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன, கடைக்காரரும் "கால் இஞ்ச், ஆறு எம்.எம்., எல்லாம் ஒன்றுதான்" என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஒன்று இல்லை. 0.35 மி.மீ. வித்தியாசத்தைக் காலெட் சுருங்கிப் பிடிப்பதுபோல் தோன்றும், ஸ்பேனரும் இறுகும். ஆனால் பிடி முழு நீளத்திலும் இல்லாமல் விளிம்பில் மட்டும் விழும். அதிர்வில் பிட் மெல்ல இறங்கும். அது முழுவதும் வெளியே வந்திருந்தால் நிமிடத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேல் சுழலும் உலோகத் துண்டு எங்கே போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 12 மி.மீ. தண்டும் அரை அங்குலக் காலெட்டும், அதாவது 12.7, இதே கதைதான். மில்லிமீட்டருக்கும் நுண்ணிய அளவைக் காட்டும் வெர்னியர் இல்லாத பட்டறை பிட் வாங்கப் போவதற்கு முன்னால் வெர்னியர் வாங்கட்டும்.

பிட் மாட்டும் முறையிலும் ஒரு பழக்கம் உண்டு. தண்டைக் காலெட்டின் அடிவரை விட்டு, பிறகு 2, 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்க வேண்டும். அடியில் முட்டியபடி இறுக்கினால் காலெட் சுருங்கும்போது தண்டு முழுதாக அமராது. தண்டில் குறைந்தது 20 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். காலெட்டுக்குள் மரத்தூள் ஒட்டியிருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். பிட் இல்லாமல் வெறும் காலெட்டை இறுக்கி வைப்பது அதைக் கெடுக்கும் வேலை.

கரும்புள்ளிக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. காடியின் முடிவில் மருமகன் பிட்டை மேலே ஏற்றாமல் சுவிட்சை அணைத்துவிட்டு, நிற்கும்வரை அங்கேயே காத்திருந்திருக்கிறார். சுழலும் பிட் ஓரிடத்தில் நின்றால் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. முடிந்த இடத்தில் முதலில் பூட்டைத் தளர்த்தி மோட்டாரை மேலே வரவிட வேண்டும், பிறகு சுவிட்ச். தொடங்கும்போதும் அப்படியே: மேலே முழு வேகம் பிடித்த பிறகே இறங்க வேண்டும், இறங்கியவுடன் நகர வேண்டும். நேர்ப் பிட்டுகளில் சிலவற்றுக்கு அடியில் வெட்டும் முனை இல்லை. அவை பக்கவாட்டில் வெட்டத்தான், செங்குத்தாக இறக்கினால் எரிக்கும். வாங்கும்போது பிட்டைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பகுதியில் கார்பைடு முனை நடுவரை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று காரணங்களும் தெரிந்த பிறகு புதிய பலகை எடுக்கப்பட்டது. இங்கே மாமன் உள்ளே வந்தார்.

"பதினெட்டு" என்று விற்கும் பிளைவுட் பதினெட்டு இருப்பதில்லை. இவர்கள் கையில் இருந்தது வெர்னியரில் 17.4. 18 மி.மீ. பிட்டால் காடி எடுத்தால் தட்டு ஆடும். 12 மி.மீ. பிட்டால் இரண்டு ஓட்டம் ஓடுவதே வழி. இரண்டுக்கும் இடையே சட்டம் நகர வேண்டிய தூரம் 5.4 மி.மீ. கிளாம்பைத் தளர்த்தி அளந்து மறுபடி இறுக்கினால் அந்த அளவு ஒருநாளும் கிடைக்காது. மாமன் குப்பையிலிருந்து லேமினேட் துண்டுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றும் 1 மி.மீ. ஐந்து துண்டு, மேலே இரண்டு விசிட்டிங் கார்டு. அடுக்கி வெர்னியரில் பிடித்தால் 5.4க்கு மயிரிழை குறைவு. அந்த அடுக்கைச் சட்டத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே வரும்படி சட்டத்தோடு ஒட்டிவைத்து முதல் ஓட்டம். அடுக்கை எடுத்துவிட்டு, சட்டத்தைத் தொடாமலே, இரண்டாவது ஓட்டம்.

முதலில் அடுக்கோடு, பிறகு அடுக்கில்லாமல். இந்த வரிசையை மாற்றக் கூடாது. சட்டம் இடப்பக்கம் இருப்பதால் அடுக்கை எடுத்ததும் ரவுட்டர் இடப்பக்கம் நகர்கிறது, வெட்ட வேண்டிய மரமும் இடப்பக்கமே இருக்கிறது. பிட் மரத்தை எதிர்த்து வெட்டும், பிடி அடங்கியிருக்கும். வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டாவது ஓட்டத்தில் மரம் வலப்பக்கம் வரும். அப்போது பிட் சக்கரம்போல் மரத்தின் மேல் உருண்டு, இயந்திரத்தைக் கையிலிருந்து முன்னே இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். பழகியவர்கள் சில வேலைகளுக்கு வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு. முதல் மாதத்தில் வேண்டாம்.

மாமனின் இன்னொரு பங்கு கத்தி. பிளைவுட்டின் மேல் வெனீர் மெல்லியது, குறுக்காகப் பிட் போனால் விளிம்பில் சிலாம்பு கிளம்பும். பென்சில் கோட்டுக்குப் பதிலாக மூலைமட்டம் வைத்துக் கத்தியால் இரண்டு கோடுகளையும் கீறினார். காடியின் விளிம்பு அந்தக் கீறலில் வந்து சுத்தமாக முடிந்தது. உளிக்காரரின் பழக்கம்தான், துளை போடும் முன் கீறுவது. புதிய இயந்திரம் அதை வழக்கொழிக்கவில்லை.

ஆழத்தை அவர்கள் நூலில் வைத்துக்கொண்டார்கள். அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் 3.2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கால் அங்குலத் தண்டுள்ள பிட்டுக்கு ஓர் ஓட்டத்துக்கு ஒரு நூல் ஆழம் என்பது மிகப் பொருத்தமான கணக்கு. இரண்டு நூல் காடிக்கு இரண்டு இறக்கம். ரவுட்டரின் அடித்தட்டில் படிபடியாக இருக்கும் சுழல் நிறுத்தம் இதற்குத்தான். இயந்திரத்தைப் பலகைமேல் வைத்து, பிட் மரத்தைத் தொடும்வரை இறக்கிப் பூட்ட வேண்டும். அதுதான் பூஜ்யம். ஆழக் கம்பிக்கும் மிகத் தாழ்ந்த நிறுத்தத்துக்கும் நடுவே 6 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டைப் படுக்கவைத்து, கம்பியை அதன்மேல் இறக்கி இறுக்கினால், தண்டை எடுத்த பிறகு கிடைக்கும் ஆழம் சரியாக 6 மி.மீ. ஸ்கேலில் குனிந்து பார்க்கும் வேலை இல்லை.

அடித்தட்டு வட்டமாக இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். அந்த வட்டத்தின் மையமும் பிட்டின் மையமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஓட்டத்தின் நடுவில் கைப்பிடியைத் திருப்பினால் காடி அரை மில்லிமீட்டர் அலையும். மருமகன் அடித்தட்டில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியே சட்டத்தை உரச வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

அலமாரி முடிந்தது. தட்டுகள் உள்ளங்கையால் தட்டினால் உள்ளே போய் நின்றன.

மேசை வேறு சோதனை. தேக்கில் 50 மி.மீ. கால்கள், 25 மி.மீ. கனமுள்ள சட்டங்கள். சட்டங்களின் முனை காலுக்குள் செருகி நிற்கத் துளை வேண்டும். சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கில் துளை அகலம் 8 மி.மீ., ஆழம் 30. நான்கு கால்களுக்கும் சேர்த்து எட்டுத் துளைகள். மாமன் உளியில் போடுவதாகவே சொன்னார். மருமகன் விடவில்லை.

50 மி.மீ. காலின்மேல் ரவுட்டர் நிற்காது, ஒருபக்கம் சாயும். சாய்ந்த ரவுட்டர் சாய்ந்த துளையைப் போடும், மேசை கோணலாக நிற்கும். தாங்கிப் பிடிக்கத் தனியாக ஜிக் எதுவும் செய்யவில்லை. மூன்று கால்களைச் சேர்த்துக் கிளாம்ப் போட்டால் 150 மி.மீ. அகலத்தில் ஒரு மேடை கிடைத்துவிடுகிறது. துளை போட வேண்டிய கால் வலது ஓரத்தில், பக்கக் கைடு அதன் வெளிப்புறத்தை அணைத்தபடி. நான்கு கால்களுக்கும் கைடின் அளவை ஒருமுறைதான் வைத்தார்கள், எல்லாக் கால்களிலும் வெளிமுகத்தையே கைடு தொட்டது. உளியில் எட்டுத் துளையும் இவ்வளவு ஒன்றுபோல் வராது என்பதை மாமன் சொல்லவில்லை. ஆனால் நான்கு கால்களையும் அடுக்கி, துளைகளை வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்.

இந்த முறை பிட், 8 மி.மீ. தண்டும் 8 மி.மீ. வெட்டும் உள்ள சுருள் பிட், தூளை மேலே தூக்குவது. நேர்ப் பிட்டில் ஆழமான துளைக்குள் தூள் அடைத்துக்கொண்டு சூடேற்றும். முதலில் துளையின் இரண்டு முனைகளிலும் படிப்படியாக முழு ஆழத்துக்கு இறங்கினார்கள், அதாவது ஒவ்வொரு நூலாக இறக்கி, ஏற்றி, தூளை வெளியேற்றி. பிறகு நடுவில் உள்ளதை ஒவ்வொரு நூல் ஆழமாக, முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் வெட்டி, திரும்பும்போது பிட்டை உயர்த்தி. 30 மி.மீ.க்குப் பத்து இறக்கம். பொறுமை போய்விடும். பாதியில் ஆழமாக இறக்கிப் பார்க்கலாம் என்று மருமகனுக்குத் தோன்றியது. மோட்டாரின் ஓசை தாழ்ந்ததைக் கேட்டவுடன் மாமனே கையைக் காட்டி நிறுத்தினார். ஓசையில் வேலையைக் கேட்பது அவருக்கு அறுவை மில் பழக்கம்.

தேக்கில் சிலிகா உண்டு. அது பிட்டின் கூர்மையைத் தின்னும். சாதாரண எஃகுப் பிட்டுகள் சில துளைகளுக்குள் மழுங்கிவிடும், கார்பைடு முனை வேண்டும். எரிந்த நிறம் தென்பட்டால் வேகத்தைக் குறைப்பதற்கு முன்னால் தள்ளும் வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மெதுவாகத் தள்ளுவதுதான் பெரும்பாலும் எரிக்கிறது. சுழல் வேகத்தைக் குறைக்க வேண்டியது பெரிய பிட்டுகளுக்கு. 24,000 சுழற்சியில் 12 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு 15 மீட்டர் ஓடுகிறது. அதே சுழற்சியில் 50 மி.மீ. பிட் என்றால் 63 மீட்டர், மணிக்கு 226 கிலோமீட்டர். பெரிய பிட்டைச் சின்னப் பிட்டின் வேகத்தில் ஓட்டக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ரவுட்டர் போட்ட துளையின் முனைகள் அரைவட்டமாக இருக்கும், அதற்குள் நுழையும் சட்டத்தின் முனையான கழுந்து சதுரமாக இருக்கும். மாமன் உளியெடுத்துத் துளையைச் சதுரமாக்க வேண்டும் என்றார். மருமகன் கழுந்தின் மூலைகளை அரத்தால் உருட்டிவிடலாம் என்றார். நான் மருமகன் பக்கம். பசையின் பலம் கழுந்தின் இரண்டு அகன்ற முகங்களில்தான், மரத்தின் நார் நீளவாட்டில் ஒன்றையொன்று தொடும் இடத்தில். முனைகள் பலத்துக்கு அதிகம் சேர்ப்பதில்லை. கழுந்தை உருட்டுவது துளையைச் சதுரமாக்குவதைவிட விரைவு. பாதி மாமன் வழியிலும் பாதி மருமகன் வழியிலும் முடிந்தது. சேர்த்து ஒட்டிய பின் எது எது என்று வெளியே தெரியவில்லை.

தூளைப் பற்றி ஒரு சொல். பட்டறையில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ரவுட்டர் எழுப்பும் தூளில் மிக நுண்ணியதும் உண்டு, துண்டு அதைத் தடுக்காது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே சேர்த்துவிட்டது. என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் ஆகிய மூன்றும் ஒரு நல்ல பிட்டின் விலைக்குள் வந்துவிடும். மருமகன் வாங்கிவிட்டார். மாமன் கண்ணாடி மட்டும் போடுகிறார். அவருக்கு ஏற்கெனவே காது மந்தம், ஆகவே காதடைப்பான் எதற்கு என்கிறார். மிச்சமிருக்கும் கேட்கும் திறனைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிப் பார்த்தாயிற்று.

மேசை போய்விட்டது. இப்போது மருமகனுக்கு ஒரு புது எண்ணம்: ஒரு மேசைப் பலகையில் துளையிட்டு ரவுட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மரத்தை அதன்மேல் தள்ளி வெட்டுவது. குறுகிய சட்டங்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் இப்போதுதான் கையில் பதியவைத்த இடவலக் கணக்கு அங்கே புரண்டுவிடும். தலைகீழாகத் தொங்கும் பிட் மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். நகர்வது இயந்திரம் இல்லை, மரம். தடுப்புச் சட்டம் எதிர்ப்பக்கம் இருக்க, மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். பிட்டுக்கும் தடுப்புக்கும் நடுவே மரத்தை நுழைக்கவே கூடாது, அது பிடுங்கிக்கொண்டு எறியப்படும். கைரவுட்டரில் இன்னும் சில வேலைகள் முடியட்டும், அதன் பிறகு மேசையில் தொங்கவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் பலகையில் துளை போட்டுவிட்டதாக நேற்று மாமன் போனில் சொன்னார்.